மழை வருமுன் வைட்டமின் டி: 60,000 சாஷேயைத் தினமும் போட்டு எட்டு நாளில் முடிக்கலாமா?

கேள்வி: பட்டாலைத்_திண்ணை

எல்லாருக்கும் வணக்கம். ஆயாவுக்கு (பாட்டி) 74 வயது, கானாடுகாத்தான் வீட்டில் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 25-ஓஎச் வைட்டமின் டி 11.8 நானோகிராம், கால்சியம் 9.1, கிரியேட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) 1.0. டாக்டர் எழுதியது 60,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) சாஷே, அதாவது தூள் பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம். பிரஷருக்குக் குளோர்தாலிடோன் 12.5 ஓடுகிறது. சுகர் இல்லை, கல்லடைப்பு வந்ததில்லை.

ஐப்பசி அடைமழை தொடங்கினால் ஊரே காய்ச்சலில் படுக்கிறது. எட்டு வாரம் காத்திருந்தால் கார்த்திகையே வந்துவிடும். அதனால் கேட்கிறேன்: எட்டு சாஷேயையும் தினம் ஒன்றாகப் போட்டு முன்னாலேயே முடித்துவிட்டால் வைரஸ் காய்ச்சலுக்குப் பாதுகாப்பு கிடைக்குமா? எதிர்ப்புச் சக்திக்கும் இந்த வைட்டமினுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப் சமாச்சாரமா? வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) தினமும் வெயில் விழுகிறது, அங்கேயே உட்கார வைத்தால் போதாதா? வீட்டில் மற்றவர்களும் (35 வயது, 9 வயது) டெஸ்ட் எடுக்காமல் இதையே போடலாமா?

பதில் 1: மருந்துக்கடை_மேசை

முதலில் தினம் ஒன்று போடலாமா என்ற கேள்வி, அதுதான் அவசரம். தினம் ஒன்று வேண்டாம். ஆயாவுக்கு எழுதியிருப்பது மொத்தம் 4,80,000 ஐயூ. அதையே 56 நாளில் பரப்பினால் நாளுக்குச் சுமார் 8,500 ஆகிறது. எட்டு நாளில் போட்டால் நாளுக்கு 60,000. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பெரியவர்களுக்குச் சொல்லும் அன்றாடத் தேவை 600 ஐயூ, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தாண்டக் கூடாத எல்லை 4,000. இந்த மருந்தில் அடிக்கடி நடக்கும் தப்பு ‘வாரம் ஒன்று’ என்பதை ‘நாளுக்கு ஒன்று’ என்று படிப்பதுதான். சீட்டில் ‘வாரம் 1’ என்று இருந்தாலும் சாஷே அட்டையில் பெரிசாக 60கே என்று மட்டும் தெரியும், மற்ற மாத்திரைகளோடு டப்பாவில் கிடக்கும், காலையில் கை தானாக எடுத்துவிடும். எட்டோடு நின்றால் பலருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். தீர்ந்ததும் கடையில் இன்னும் ஒரு அட்டை வாங்கி அதையும் தினமும் போடுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறார்கள்.

மிஞ்சினால் என்ன ஆகும்? குடலிலிருந்து கால்சியம் அளவுக்கு மேல் உறிஞ்சப்படும், எலும்பிலிருந்தும் கரைந்து ரத்தத்தில் ஏறும். வாய் வறண்டு தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பசியின்மை, பிறகு குழப்பமாகப் பேசுவது. பெரியவர்களிடம் இதைப் பார்த்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகம் அடிபட்டிருக்கும். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவதால் நிறுத்திய மறுநாளே இறங்காது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கால்சியம் ஏறியே நிற்கும்.

ஆயாவுக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது அந்தக் குளோர்தாலிடோன். அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். இந்தப் பக்கம் வைட்டமின் டி கால்சியத்தை உள்ளே இழுக்கும். இரண்டும் சேரக் கூடாது என்றில்லை, நிறையப் பேர் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். நான்காவது சாஷே முடிந்ததும் ஒரு தடவை கால்சியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு டாக்டர் சொல்லாத கால்சியம் மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். தயிரும் கேப்பைக் கூழும் போதும், 100 கிராம் கேப்பையிலேயே 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. டிகாக்சின் சாப்பிடுகிற இதய நோயாளி, சிறுநீரகக் கல் வந்தவர், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர் என்றால் கதையே வேறு, அவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு சாஷேகூடப் பிரிக்கக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: கல்லீரல் இந்த வைட்டமினை வேகமாக உடைத்துவிடும், சாதாரண அளவு பற்றாது.

போடும் முறை: வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும். கொழுப்போடு சேர்ந்தால்தான் இது நன்றாக உறிஞ்சப்படும். மதியம் பருப்பும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டு முடித்த கையோடு, ஆடை எடுக்காத அரை டம்ளர் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்லுங்கள். தூள் டம்ளர் அடியில் தங்கும், கொஞ்சம் பால் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும்.

பதில் 2: வெள்ளையணு

எதிர்ப்புச் சக்தி பற்றிய கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி உண்மை, அதுதான் தொல்லை.

தோலில் உண்டாவதும் சாஷேயில் வருவதும் கல்லீரலுக்குப் போய் 25-ஓஎச் ஆகிறது. ரிப்போர்ட்டில் இருப்பது இதுதான், ரத்தத்தில் இதன் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம். சிறுநீரகம் இதிலிருந்து 1,25 என்ற வீரியமான வடிவத்தைச் செய்து எலும்பு, கால்சியம் வேலைக்கு அனுப்புகிறது. இதுவரை பள்ளிப் பாடம். பாடத்தில் வராதது, நோயெதிர்ப்பு அணுக்கள் சிறுநீரகத்தை எதிர்பார்ப்பதில்லை என்பது. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணு தன் மேலுள்ள டோல் ஏற்பியால் கிருமியின் துண்டை உணர்ந்ததும், தனக்கு வேண்டிய 1,25ஐத் தானே உள்ளுக்குள் தயாரிக்கத் தொடங்குகிறது. அதற்கான என்சைம் சிஒய்பி27பி1. அந்த 1,25 அணுவின் கருவுக்குப் போய் கேத்தலிசிடின் என்ற புரதத்துக்கான மரபணுவை முடுக்குகிறது. அதிலிருந்து வெட்டி எடுக்கப்படும் 37 அமினோ அமிலத் துண்டுக்கு எல்எல்-37 என்று பெயர், கிருமியின் மேலுறையில் போய்ப் பொத்தல் போடும். 2006இல் சயன்ஸ் இதழில் காசநோய்க் கிருமியை வைத்து இதைக் காட்டினார்கள். மூச்சுக்குழாயின் உள்தோல் அணுக்களும் தாங்களே 1,25 செய்துகொள்கின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் இன்ஃப்ளுயன்சா போன்ற உறையுள்ள வைரஸ்களையும் எல்எல்-37 தடுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அணு தானே சமைக்கிறது என்றாலும் அரிசி வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்த அரிசிதான் ரத்தத்தில் உள்ள 25-ஓஎச். 11.8 என்றால் அடுப்பு எரிந்தும் உலையில் போட அரிசி பற்றாது. அதே சமயம் 40 இருக்கிறவருக்கு 90 ஆக்கினால் சோறு இரண்டு மடங்கு வேகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே 1,25, டி-செல் என்னும் வெள்ளையணுக்களின் (இந்த ‘டி’ ஆங்கில T, வைட்டமின் டி அல்ல) சூட்டைத் தணிக்கிறது: அழற்சியைக் கிளப்பும் டிஎச்1, டிஎச்17 வகைகளை அடக்கி, ஒழுங்குபடுத்தும் வகையைக் கூட்டுகிறது. ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றும்’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது அதனால்தான் தப்பு. முன்வரிசையைக் கூர் தீட்டி, பின்வரிசையைக் கட்டுக்குள் வைக்கிறது. (எலியில் செய்ததைக் காட்டி யாராவது வாதம் செய்தால் ஒன்று கேளுங்கள்: கேத்தலிசிடினை வைட்டமின் டி முடுக்குகிற அந்த விசை மனிதர், குரங்கு இனத்தில்தான் உண்டு, எலியில் கிடையாது.)

சரி, ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள், அங்கேதான் சுருதி இறங்குகிறது. 2017இல் பிஎம்ஜே இதழில் 25 சோதனைகளை, சுமார் 11,000 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது மூச்சுத் தொற்று கொஞ்சம் குறைந்தது. 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடம் பலன் நன்றாகத் தெரிந்தது, அதுவும் தினமோ வாரமோ சிறிது சிறிதாக எடுத்தவர்களிடம். ஒரேயடியாகப் பெரிய டோஸ் போட்டவர்களுக்குப் பலன் இல்லை. எட்டையும் தினம் ஒன்றாகப் போடலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அதே குழு மேலும் சோதனைகளைச் சேர்த்து 2025இல் 46 சோதனை, 64,000 பேர் என்று பார்த்தபோது ஒட்டுமொத்தப் பலன் இன்னும் சுருங்கி, புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. யாருக்கு அதிகப் பலன் என்ற முந்தைய வித்தியாசமும் அதில் துலங்கவில்லை.

கொரோனாவுக்கு இன்னும் தெளிவு. பிரிட்டனில் 6,200 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு டெஸ்ட் செய்ய முன்வந்து, குறை இருந்தவர்களுக்கு ஆறு மாதம் தினம் 800 அல்லது 3,200 ஐயூ கொடுத்தார்கள். நார்வேயில் 34,000 பேருக்கு மேல் மீன் ஈரல் எண்ணெய் சோதனை. இரண்டிலும் தொற்று குறையவில்லை, 2022இல் வெளியானது. பிரேசிலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 240 பேரில் பாதிப் பேருக்கு ஒரே தடவையாக 2,00,000 ஐயூ கொடுத்துப் பார்த்தார்கள், படுக்கை நாள் குறையவில்லை.

ஒரேயடியாகக் கொடுப்பது ஏன் எடுபடவில்லை? வெள்ளம்போல் வந்தால் உடம்பு மதகைத் திறந்துவிடுகிறது. சிஒய்பி24ஏ1 என்ற என்சைம் ஏறி வைட்டமினை உடைக்கிறது, எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோன் ஏறிச் சிறுநீரகம் 1,25 செய்வதைக் குறைக்கிறது. இன்னும் கெடுதலும் உண்டு: ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5,00,000 ஐயூ கொடுத்ததில் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. 2010இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆயாவின் எட்டு நாள் கணக்கு 4,80,000 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆக ஆயாவுக்கு மருந்து தேவைதான், 11.8 என்பது எலும்புக்கும் தசைக்குமே ஆகாது. காய்ச்சல் விஷயத்தில் வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேடயம் என்று நம்பி மற்றதை விடாதீர்கள். மழைக்கு முன் போட வேண்டியது ஃப்ளூ ஊசி, வருடம் ஒரு முறை. டெங்குவுக்கு வைட்டமின் டி தடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. வளவில் இருக்கும் அண்டாவையும் மழைநீர்த் தொட்டியையும் மூடுவது, வாரம் ஒரு முறை காலிசெய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவது அதைவிட மேல். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

பதில் 3: கண்ணாடிக்குழாய்

ஆய்வகப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

ரிப்போர்ட்டில் அலகு நானோகிராமா நானோமோலா என்று பாருங்கள். 1 நானோகிராம் என்றால் 2.5 நானோமோல். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் ரிப்போர்ட்டின் 50ஐ இங்குள்ள 20ஓடு ஒப்பிட்டு ‘எனக்கு ரெட்டிப்பு’ என்பார்கள். இரண்டும் ஒன்றேதான்.

காய்ச்சலோடு படுத்திருக்கும்போது இந்த டெஸ்ட் எடுக்காதீர்கள். அழற்சி இருந்தாலே 25-ஓஎச் இறங்கிக் காட்டும். ‘நோய் முற்றியவர்களுக்கெல்லாம் வைட்டமின் டி குறைவாக இருந்தது’ என்ற செய்திகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1,25 அளவை எடுக்கச் சொல்லி யாராவது அனுப்பினால் எதற்கு என்று கேளுங்கள். குறைபாடு பார்க்க அது உதவாது, குறை இருக்கும்போதே சாதாரணமாகவோ கூடுதலாகவோ காட்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். சில இயந்திரங்களில் அது டி அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்த முதியவர்களுக்கு ரிப்போர்ட்டில் கால்சியமும் குறைந்தே தெரியும். அல்புமின் 4க்குக் கீழே ஒவ்வொரு 1க்கும் 0.8 கூட்டிப் படிக்க வேண்டும்.

மறு டெஸ்ட் எட்டு சாஷேயும் முடிந்து, தொடங்கியதிலிருந்து மூன்று மாதம் ஆன பிறகு போதும். நாலு வாரத்தில் டி அளவை எடுத்துப் பார்த்து ‘ஏறவில்லை’ என்று டோஸைக் கூட்டுவது வீண் செலவு. நாலாவது வாரம் பார்க்க வேண்டியது, மேலே சொன்ன மாதிரி, கால்சியம்தான்.

பதில் 4: முற்றத்து_வெயில்

வளவு வெயிலை நம்பலாம், கூரையைப் பார்த்துவிட்டு. இப்போது பாதி வீடுகளில் மழைச் சாரலுக்குப் பயந்து வளவுக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டார்கள். வெளிச்சம் பளிச்சென்று வரும், சூடும் வரும், ஆனால் வைட்டமின் உண்டாக்கும் யுவிபி கதிர் (290 முதல் 315 நானோமீட்டர்) வராது. முகப்பில் இருக்கும் பச்சை, சிவப்புக் கண்ணாடி ஜன்னலும் அப்படித்தான், சாதாரண வெள்ளைக் கண்ணாடியும் அப்படித்தான். குரங்குக்காகப் போட்ட கம்பி வலை மட்டும் என்றால் பரவாயில்லை.

காலை ஏழு மணி இளவெயில் உடம்புக்கு இதம், வைட்டமினுக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம். திருப்பதியில் நடந்த ஆய்வில் 11 மணி முதல் 2 மணி வரைதான் நன்றாக உண்டானது. எளிய அளவுகோல் நிழல்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் யுவிபி வருகிறது. காரைக்குடிப் பக்கம் மார்கழியில் அது சுமார் 10.10 முதல் 2.15 வரை, சித்திரையில் 9.15க்கே தொடங்கிவிடும். அதனால் கோடையில் ஆயாவை உச்சி வெயிலில் உட்கார வைக்க வேண்டாம், ஒன்பதரை மணிக்கு உட்கார வைத்தாலே போதும். மார்கழி, தையில் பதினொன்றரை ஆனாலும் தாங்கும். வளவில் ஒரு சிக்கல், சுற்றிலும் சுவரும் தாழ்வாரமும் உயரமாக இருப்பதால் தரையில் நேர் வெயில் விழுவதே நடுப்பகலில் கொஞ்ச நேரம்தான். நிழல் ஓரத்தில் நாற்காலி போட்டால் வேலைக்கு ஆகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெயில் கட்டம் எங்கே விழுகிறதோ அங்கே, கையும் முழங்காலுக்குக் கீழும் அதில் படும்படி.

எவ்வளவு நேரம்? நம் நிறத்துக்கு, கைகால் முகம் மட்டும் தெரிந்தால், அரை மணி, வாரம் நாலைந்து நாள். ஆனால் 70 தாண்டிய தோலில் மூலப்பொருளே குறைந்துவிடுகிறது, இளைஞர் தோலில் உண்டாவதில் பாதிகூட வராது. 11.8 இருக்கிற ஆயாவை வெயிலை வைத்தே நிமிர்த்துவேன் என்று சாஷேயைத் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் அந்த வெயிலும் கிடைக்காது.

சாப்பாட்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். முட்டை மஞ்சள் ஒன்றில் 40 ஐயூ சுமார். தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வரும் சாளை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்தான் உருப்படியானது, குழம்பாக வையுங்கள், ஆழப் பொரித்தால் கொஞ்சம் எண்ணெயோடு போகும். பால் பாக்கெட்டில் +எஃப் (சத்து சேர்த்தது) முத்திரை இருந்தால் லிட்டருக்கு 200 முதல் 300 ஐயூ சேர்த்திருக்கும்.

கேள்வி கேட்டவர்: பட்டாலைத்_திண்ணை

நன்றி. வளவுக்கு மேலே ஷீட்தான் இருக்கிறது, பின்கட்டில் இரண்டாம் வளவு திறந்திருக்கிறது. சாஷே வாரம் ஒன்றுதான், முடிவு. மீதி இரண்டு கேள்வி: வீட்டில் மற்றவர்கள்? எட்டு வாரத்துக்குப் பிறகு ஆயாவுக்கு என்ன? ஒரு வாரம் மறந்துவிட்டால்?

(மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும்.)

பதில் 5: மருந்துக்கடை_மேசை

35 வயதுக்காரருக்கு எலும்பு வலி, தசைத் தளர்ச்சி, வலிப்பு மருந்து, குடல் நோய் என்று எதுவும் இல்லையென்றால் டெஸ்டும் வேண்டாம், 60,000மும் வேண்டாம். 2024இல் வந்த எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் நிபுணர்கள் அமைப்பு) வழிகாட்டியும் ஆரோக்கியமானவர்களுக்கு வாடிக்கையாக டெஸ்ட் எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அதே வழிகாட்டி 1 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கும் 75 தாண்டியவர்களுக்கும் டெஸ்ட் இல்லாமலே அன்றாட அளவில் கொடுக்கலாம் என்கிறது. பிள்ளைகளுக்குச் சொன்ன காரணங்களில் மூச்சுத் தொற்று குறையக்கூடும் என்பதும் ஒன்று. 9 வயதுக்கு நாளுக்கு 600 ஐயூ. சொட்டு மருந்து வாங்கினால் பாட்டிலைப் படியுங்கள்: ஒன்றில் ஒரு மில்லியில் 400 இருக்கும், இன்னொன்றில் 800. பழைய பாட்டிலின் துளிக்குழாயைப் புதியதில் போட்டால் கணக்கு இரண்டு மடங்கு தப்பும்.

எட்டுக்குப் பிறகு ஆயாவை அப்படியே விட்டால் மூன்று நாலு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். தினம் 1,000 முதல் 2,000, அல்லது மாதம் ஒரு 60,000 (நாளுக்கு 2,000 கணக்கு) என்று டாக்டர் ஒன்றை எழுதுவார். தினசரி மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள், மேலே வெள்ளையணு சொன்ன காரணத்துக்காக. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, ஜெலட்டின் உறையும் சைவமில்லை. லைக்கன் பாசியிலிருந்து எடுத்த டி3 என்று கேட்டால் கிடைக்கும்.

மறந்துவிட்டால் நினைவு வந்த அன்று ஒன்று போட்டு, அன்றிலிருந்து வாரக் கணக்கைத் தொடங்குங்கள், ஒரே நாளில் இரண்டு சேர்க்க வேண்டாம். சாஷேக்களைத் தினசரி மாத்திரை டப்பாவில் வைக்காமல் தனியாகச் சாமி அலமாரியில் வைத்து, தினசரிக் காலண்டரில் எட்டு வெள்ளிக்கிழமைத் தாளிலும் இப்போதே பேனாவால் ‘பால்’ என்று எழுதிவிடுங்கள். குடித்த அன்று அந்தத் தாளைக் கிழித்துக் காலிச் சாஷேயோடு சேர்த்துப் பின் போட்டு வைத்தால், நாலாவது வாரம் ரத்தம் கொடுக்கப் போகும்போது எத்தனை போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.